ஒலிபெருக்கி புகழ்ந்த குழந்தை

1

இந்தக் கதை என் சன்னலுக்கு எதிரே நிற்கும் கம்பத்திலிருந்து வந்தது. கம்பத்தில் எங்கள் ஊர் வானொலியின் ஒலிபெருக்கி. விடிந்தும் விடியாமலும் அது வியட்நாமிய மொழியில் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோரையும் எழுப்பும். தடுப்பூசி, வாய்க்காலில் தண்ணீர், காணாமல்போன எருமை, செத்தவர் பெயர், எல்லாம் அதில்தான். அதைத் திட்டாத ஆள் இங்கே கிடையாது. ஒரு நாள் அது பேசாவிட்டால் என்னவோ ஏதோ என்று பதறித் தெருவுக்கு வருவதும் நாங்கள்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சிவப்பாற்றின் மேல் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தபோது" வேண்டாம். பனியை நான் எங்கே கண்டேன்? அந்நேரம் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டிருப்பேன்.

2

அறிவிப்பாளர் பெயர் சுயேன். [இவளுக்குக் குழந்தை இல்லை என்று முதலில் எழுதினேன். கதைக்கு அது வசதி. மனசு கேட்கவில்லை, அடித்துவிட்டேன். இரண்டு பிள்ளைகள், இரண்டும் வால்.]

ஆரோக்கியக் குழந்தைப் போட்டியில் எங்கள் ஊர்ப் பெண் தோவானின் மகன் கோய் ஜெயித்த செய்தியை இவள்தான் வாசித்தாள். எழுதிக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். பாசம் பொங்கிவிட்டது.

"நம்ம கோய் இருக்கானே, என்னா கொழுகொழுன்னு, என்னா அழகு!" என்றாள், ஊரிலுள்ள அத்தனை கம்பங்களிலும்.

இங்கே குழந்தையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. வீட்டில் அவன் பெயர் 'நாய்க்குட்டி'. வெளியே தூக்கிப் போனால் நெற்றியில் சட்டிக்கரி. காற்றில் ஆவியாய் அலைகிறவர்கள் காதில் புகழ்ச்சி விழுந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். கண்படும் என்று பயப்படுகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் கோய்க்குக் காய்ச்சல்.

3

காய்ச்சல் இறங்கவில்லை. தோவான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வானொலி அறைக்கே வந்துவிட்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டினியாடி?" என்றாள் சுயேன்.

"காட்டாம இருப்பேனா? ஊசியும் போட்டாச்சு. அக்கா, நீங்க சொன்னத நீங்களே திருப்பி எடுத்துக்கங்க."

"சரி, இவன் அசிங்கம். போதுமா?"

"இங்க சொன்னா? அன்னிக்கு மைக்லதானே சொன்னீங்க. மைக்லயே சொல்லுங்க."

பொறுப்பாளர் பிங் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார். "விளையாடுறீங்களா? மூடநம்பிக்கைய ஒழிக்கணும்னு போன வாரம்தான் இதே மைக்ல வாசிச்சோம்!"

"நல்லா ஒழிங்கண்ணே. எம் பிள்ளைக்கு மொதல்ல குணமாகட்டும்." சொல்லும்போதே தோவான் உடைந்து அழுதாள்.

சுயேன் குழந்தையின் கழுத்தைத் தொட்டாள். கொதித்தது.

[அவள் இதையெல்லாம் நம்புகிறாளா? நான் முடிவு செய்யாமல் அவளிடமே கேட்டேன். "நம்பிக்கையாவது ஒண்ணாவது! அவ அழுதா, என்னால தாங்க முடியல." எழுதும் எனக்கும் தாங்கவில்லை.]

4

மாலை ஒலிபரப்பு. நெல்லுக்கு மருந்தடிக்கும் அறிவிப்பு முடிந்தது. பிங் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"ஒரு திருத்தம். தோவான் மகன் அழகுன்னு நான் சொன்னது தப்பு. இப்பத்தான் கிட்டப் பார்த்தேன். மூக்கு சப்பை, காது முறம், தலை பூசணிக்காய். இவன் அழுதா தவளை தோத்துப்போகும். இந்த மாதிரி அவலட்சணம் யாருக்கும் வேண்டாம். யாரும் எடுத்துக்காதீங்க." என்று முடித்து மைக்கை அணைத்தாள் சுயேன்.

தெருவில் போன மீன்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கம்பத்தைப் பார்த்துக் கத்தினாள்: "ஆமாமா, கொரங்கு மூஞ்சி!"

"கருவாடு!" என்றது அடுத்த வீடு. தோவானோடு பேச்சுவார்த்தையே இல்லாத நாத்தனார்கூட வாசலுக்கு வந்து, "தூ, என்ன பிள்ளை அது!" என்று அழுதுகொண்டே திட்டினாள். நானும் மாடியிலிருந்து கத்தினேன். அதை அச்சில் போட முடியாது.

5

இனி முடிவு. "விடிகாலையில் கோய் கண் திறந்து, அம்மாவைப் பார்த்து" என்று எழுதிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினேன். அவன் நன்றாக இருக்கிறான் என்று சொன்னால் அதுவும் புகழ்ச்சிதானே? இது அச்சாகிப் பல பேர் கையில் போகும். இன்னொரு முடிவை எழுத எனக்குக் கை வராது, வரவும் வேண்டாம்.

ஆகவே அவன் எப்படி இருக்கிறான் என்று என்னிடம் கேட்காதீர்கள். 'பாவம், நல்ல குழந்தை' என்று மனதுக்குள்கூட நினைத்துவிடாதீர்கள். அவன்மேல் கொஞ்சமாவது பாசம் வந்திருந்தால், பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை, வாய்விட்டுச் சொல்லுங்கள்:

சீ, என்ன அசிங்கமான பிள்ளை.