சாத்தியிருந்த சமையலறைக் கதவு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் வீட்டை நவீனமாக்கிய கதையைக் கேட்டால், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிகூடச் சிரிப்பான். மகளின் பிரசவத்துக்கு மனைவி போயிருந்த சமயம் பார்த்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்துத் தள்ளினார். சுவரோடு கதவும் போயிற்று. திரும்பி வந்து பார்த்தால் அசந்துபோவாள் என்று நினைத்தார் மனுஷன்.

அவள் அசரவில்லை. பையைக் கீழே வைத்தாள். கதவு இருந்த இடத்துக்கு நேராகப் போய், இல்லாத கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, மறுபடியும் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். அன்று முதல் அப்படித்தான். இவர் பாட்டுக்குச் சுவர் இருந்த இடத்தின் வழியே டீ கேட்டுக்கொண்டு போவார். "சுவரைத் துளைச்சிக்கிட்டு வர்ற ஆளுக்கு டீ ஒரு கேடா?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கடைசியில் ஒருநாள் சொல்லியே விட்டாள்.

"கதவச் சாத்திக்கிட்டு ஒரு மூச்சு அழக்கூட இடமில்லாத வீடு எனக்கு வேண்டாம். வித்துட்டு, சுவர் இருக்கிற வீடாப் பாருங்க."

அவர் பிறந்து வளர்ந்த வீடு. ஆனாலும் வேறு வழி தெரியாமல் தரகரிடம் சொன்னார்.

தரகர் வாயாலேயே பந்தல் போடுகிற ஆள். ஒரு பல் டாக்டரையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அமைதியான தெருங்க, நாய்கூட யோசிச்சுத்தான் குரைக்கும். உள்ள பாருங்க, எல்லாமே புதுசு. தடுப்பே கிடையாது!"

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி சமையலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் நன்றாகத் தெரியும்படி, அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

காலெடுத்து வைக்கப் போன பல் டாக்டரின் மனைவி சட்டென்று நின்றாள். "உள்ள யாரோ இருக்காங்க. அப்புறமா பாத்துக்கலாமே."

"தாராளமா போங்கம்மா, அங்கதான் ஒண்ணுமே இல்லையே!" என்றார் தரகர்.

"கதவு சாத்தியிருக்குங்க."

பல் டாக்டரும் ஆமாம் என்று தலையாட்டினார். வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. வந்த கையோடு அந்நியர்களுக்குத் தெரிந்த கதவு, ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்கு இத்தனை நாளாய்த் தெரியவில்லை. அதைவிட, அவள் தோள் குலுங்குவதைப் பார்க்க அவருக்குத் தாளவில்லை.

"நல்ல பார்ட்டி சார், கெடுத்துடாதீங்க. அம்மாவ வெளிய வரச் சொல்லுங்க" என்று தரகர் காதைக் கடித்தார்.

அவர் போனார். இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு கதவுக்கு முன்னால் வந்து நின்றார். கையை உயர்த்திக் காற்றில் தட்டினார். சத்தம் வராததால் வாயாலேயே, "டொக், டொக்" என்றார்.

அழுகை நின்றது. "யாரது?"

"நான்தான். உன்னைக் கேக்காம இடிச்சது தப்புதான்மா. தெறக்கிறியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு கிரீச்சிட்டது என்று பல் டாக்டர் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார்.

"தட்டணும்னு தோண இவ்வளவு நாளா?" என்றாள். "சரி சரி, உள்ள வந்து சாத்துங்க."

அவர் நுழைந்து சாத்தினார். உள்ளே இரண்டு பேருக்கு டீ கொதித்தது. தரகர் பல் டாக்டரைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரும் கையை உயர்த்தினார்.

"டொக், டொக். அம்மா, வீடு விக்கிறதா இல்லையா?"

"இல்லீங்க" என்றது உள்ளேயிருந்து அவள் குரல். "நல்ல கொத்தனார் யாராச்சும் தெரிஞ்சா அனுப்புங்க."