கட்டிலின் பாதியில் பனி

மனைவி இறந்த மாதத்திலிருந்து ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் கட்டிலில், அவள் படுத்த பாதியில் மட்டும், பனி பெய்தது. விடிவதற்குள் அவளுடைய தலையணை மூடிவிடும். அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான், கூரையில் ஓட்டை தேடினான், எங்காவது கேஸ் கசிகிறதா என்று சோதித்தான். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு தினமும் முறத்தால் அள்ளிக் குளியலறையில் கொட்டிவிட்டு வேலைக்குப் போனான்.

எல்லை தாண்டி, சிவன் இருக்கும் மலையைச் சுற்றி வர வேண்டும் என்று அவள் கல்யாணமான புதிதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தாள். "ஏங்க, இந்த வருஷமாவது போயிட்டு வந்துடலாங்க" என்பாள். "ஐஸ் பாக்குறதுக்கு வேற நாட்டுக்குப் போகணுமா? ஃப்ரீசரத் தெறந்து கும்பிட்டுக்கோ" என்பான் அவன். அவளும் சிரித்துவிடுவாள். எதற்காகப் போக ஆசைப்படுகிறாய் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது அவனுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

யாத்திரைக் குழு ஒன்றில் சேர்ந்தான். பஸ்ஸில் ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டான். தபால்காரர் மகளுக்குக் குழந்தை வேண்டிப் போனார். மருந்துக்கடைக்காரருக்கு மறுபிறவி வேண்டாமாம். ஜன்னலோரத்து அம்மாள் மட்டும் உள்ளதைச் சொன்னாள்: "எங்க மாமியார் நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவாங்க தம்பி. சாமி பேரச் சொன்னாத்தான் விடுவாங்க. உள்ளூர்க் கோயில்னா கூடவே கெளம்பிடுவாங்களே!" பஸ்ஸே சிரித்தது. அவன் எல்லாக் காரணத்தையும் மனைவியின் குரலில் சொல்லிப் பார்த்தான். எல்லாமே பொருந்தின.

மலையடியில் பனி விடாமல் கொட்டியது. பாதையோரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடத்தில் மட்டும் கொட்டவில்லை. அவனுடைய தோள் உயரத்தில், அவளுடைய தலை இருந்திருக்கும் இடத்தில், பனி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் விழுந்தது. போன வருஷம் இது இல்லை என்றான் வழிகாட்டி. மெக்கானிக் கையுறையைக் கழற்றிக் கையை உள்ளே நீட்டினான். வெதுவெதுவென்று இருந்தது.

"எதுக்குடி வரணும்னு நெனச்ச?"

மறுபடி கேட்டான். குழு வெகுதூரம் போய்விட்டது.

"இருட்டிடும் தம்பி, வாங்க" என்று ஜன்னலோரத்து அம்மாள் திரும்பி வந்து கூப்பிட்டாள். அவன் கையை எடுத்துக்கொண்டு நடந்தான்.

அந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. யாத்திரை போகிறவர்கள் நின்று, கையை நீட்டிக் குளிர்காய்ந்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே மட்டும் யாரும் கால் வைப்பதில்லை. அங்கே ஆள் இருக்கு என்று வழிகாட்டிகள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.