உபயோகித்தவர்கள் சொல்வது

அஞ்சு நட்சத்திரம் போட்ட இந்த ஆள் பெட்டியையே பிரிக்கவில்லை போலிருக்கிறது, பேக்கிங் சூப்பர், டெலிவரி சூப்பர் என்று எழுதிவிட்டுப் போய்விட்டான், லேப்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இவனை நம்பி நான் எப்படி... என்று அம்சவள்ளி நினைத்துக்கொண்டிருந்தபோது கைக்குள் இருந்த போன் அலறியது. படித்துக்கொண்டிருந்த கருத்துகள் எல்லாம் மறைந்து தெரியாத நம்பர் ஒன்று திரையில் வந்து நின்றது. மதகடிப்பட்டு ஜங்ஷனில் பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பழைய லேப்டாப் கடை. செவ்வாய்க்கிழமை, சந்தை நாள், கீழே மாடு ஏற்றிய மினி லாரிகள் வழி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, மாடிப்படிக்கு வந்து ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேச முடிந்தது. பெண் குரல், கிட்டத்தட்ட கிசுகிசுப்பு. பெயர் அபிதாவாம், பாகூர் பக்கத்தில் சேலியமேடாம், நம்பர் எப்படிக் கிடைத்தது என்று மட்டும் கேட்காதீங்க என்றாள். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், பாகூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற பாக்யராஜ், அவருக்கு இது ரெண்டாவது என்று சொல்லித்தான் பேசுகிறார்கள், வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுகிறார்கள். அதுவரை கடகடவென்று ஒப்பித்தவள் நின்று மூச்சு வாங்கினாள். “நாலு வருஷம் கூட இருந்தவங்க நீங்கதானக்கா. நீங்க வேணான்னா எப்பிடியாவது தட்டிக் கழிச்சிடுவன். எப்பிடிக்கா அவரு?”

கொஞ்ச நேரத்தில் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லி அம்சவள்ளி வைத்துவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னேன், ராங் நம்பர் என்று சொல்லியிருக்கலாம், விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஒரு வருஷம் ஆகிறது, எனக்கும் அந்த ஆளுக்கும் இனிமேல் பேச்சில்லை என்று சொல்லியிருக்கலாம்... பேச்சில்லை, அதுவும் நல்ல வார்த்தைதான், என்றைக்குப் பேச்சு இருந்தது. உள்ளே வந்து மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிரே லேப்டாப்பில் ஏதோ ஒரு வீடியோ, மலை, அருவி, பறவைகள், சும்மா ஓடிக்கொண்டிருந்தது. வாங்குவதும் வாங்காததும் அப்புறம், முதலில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஓட்டிப் பாருங்க என்பதுதான் கடைக்காரர் மரிய அருளின் பழக்கம், யார் வந்தாலும் அப்படித்தானாம். வில்லியனூர்க்காரர், வாய் ஓயாது. மிஷின் பெங்களூரில் ஒரு கம்பெனியில் மூணு வருஷம் ஓடியதாம், ஏசி ரூமை விட்டு வெளியே வந்ததே இல்லையாம், ஒரே ஓனர், மூடியில் ஒரு கீறல் இருக்கிறது, அந்தக் கீறலுக்காகத்தான் பாதி விலை, கீறல் வேலை செய்யுமா, நீங்கதான் செய்யப்போறீங்க என்றார். ஒரே ஓனர் என்றால் நல்லதா? நல்லதாக இருந்தால் அந்த ஓனர் ஏன் விட்டான்? இதை அவரிடம் கேட்டதற்கு, கம்பெனி புதுசு வாங்கினா பழசைத் தள்ளிடுவான் மேடம், பழசு மேல கோவம்லாம் கெடையாது என்று சிரித்தார்.

வாங்கித்தான் ஆக வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற கம்பெனியில் வேலை, புதுச்சேரிக்குத் தினம் பஸ்ஸில் போய் வந்தது இந்த மாதத்தோடு முடிகிறது, ஆபீஸைச் சுருக்குகிறார்கள், சொந்த லேப்டாப் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே செய்யலாம், இல்லாதவர்கள்... மேனேஜர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. புதுசுக்கு வழியில்லை. அதனால்தான் ஒரு வாரமாக இதே மாடலைப் பற்றி உலகத்தில் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்களோ அத்தனையும் படித்தாகிறது. ஒருத்தர் மகனுக்கு வாங்கினாராம், மகன் சந்தோஷம், ஆகவே அஞ்சு. இன்னொருத்தர் கடவுள் அருளால் இன்றுவரை ஓடுகிறது என்கிறார், இன்றுவரை என்றால் வாங்கி எத்தனை நாள் என்று சொல்லக் கூடாதா. ஒரு பெண், பெண் பெயராக இருக்கிறதே என்று ஆசையாகப் படித்தால், கலர் போட்டோவில் இருந்த மாதிரி இல்லை என்று ரெண்டு நட்சத்திரம். அப்புறம் அந்த ஒற்றை நட்சத்திரக்காரர்கள், மூணாம் நாளே திரை கறுத்துப்போனவர்கள், திருப்பி அனுப்பியவர்கள், விற்றவன் குடும்பமே விளங்காது என்கிற அளவுக்குப் போனவர்கள். அவர்களை அவள் தள்ளிவிட்டுத்தான் படித்தாள். எரிச்சலில் எழுதுகிறவர்கள் நிஜத்தை எழுத மாட்டார்கள், திருப்பிக் கொடுத்தவனுக்குத் தான் செய்தது சரி என்று காட்டிக்கொள்ள ஒரு காரணம் வேண்டும்... நான் இப்போது அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாலும் அவளும் அப்படித்தானே நினைப்பாள். திருப்பி அனுப்பியவள் சொல்கிற சொல்.

அவளுக்குப் பார்த்தபோது பாக்யராஜைப் பற்றி வீட்டில் விசாரித்ததில் குறையே இல்லை. அம்மா சம்மந்தம் மாமாவை அனுப்பினாள், மாமா பாகூரில் ரெண்டு நாள் டேரா போட்டார். டீக்கடை, சலூன், பக்கத்து வீடு, அவன் காயில் கட்டிக் கொடுத்த விவசாயிகள், ஒருத்தரையும் விடவில்லை. நம் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஒரே கேள்விதான். தெருவுக்கு ஒரு பார் இருக்கிற ஊரில் வேறு எதைக் கேட்பார்கள், தொடுவானா, மாட்டானா, அவ்வளவுதான். மாமா கடைசியில் பிராந்திக் கடை கவுண்ட்டரிலேயே போய்க் கேட்டாராம், அந்தப் பையனா, இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்ததில்ல என்றார்களாம். மாமா மைசூர்பாகோடு வந்தார். அம்மா அன்றைக்கு அழுதேவிட்டாள், அப்பாவை அப்படிப் பார்த்துப் பார்த்து நொந்தவள். யாரும் பொய் சொல்லவில்லை. நாலு வருஷத்தில் அவன் ஒரு சொட்டு தொட்டதில்லை. கை நீட்டியதில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டிச் சத்தம் கேட்கும், வீட்டுச் செலவுக்கான பணம் பிரிட்ஜ் மேல் இருக்கும். மாமா கேட்காமல் விட்டது இருக்கிறதே... ஆனால் மாமா எப்படிக் கேட்டிருப்பார்? பையன் வீட்டில் பேசுவானா என்று டீக்கடையில் கேட்டால் சிரிக்க மாட்டார்களா? டீக்கடையில் அவன் நன்றாகப் பேசுவான்.

“இன்னா மேடம், ஃபேன் சத்தம் வருதா?” மரிய அருள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து எட்டிப் பார்த்தார். சத்தமே வரவில்லை என்றாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். சத்தம் வந்தா கம்ப்ளெயின்ட்டு, வரலன்னாலும் கம்ப்ளெயின்ட்டா, உங்களுக்கு யார்தான் விக்கிறது என்றார். இவளுக்கும் சிரிப்பு வந்தது. காதை லேப்டாப்பின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாள், மெல்லிய காற்று, அவ்வளவுதான், ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத மாதிரி.

முதல் தடவை அவன் பேச்சை நிறுத்தியது எதற்கு? ஜன்னல் மேல் இருந்த அவன் டெஸ்டரை எடுத்து டிராயரில் போட்டாள், அதற்காகத்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள், அப்புறம் அது இல்லையோ என்று தோன்றியது. பத்துப் பன்னிரண்டு நாள் ஒரு வார்த்தை இல்லை. போட்டதைச் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், படுத்தான். இன்னாங்க ஆச்சு, இன்னாங்க ஆச்சு என்று பின்னாலேயே நடந்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது போல் பார்த்தான், மணி தெரிந்ததும் பார்வையை எடுத்துக்கொண்டான். பிறகு ஒரு நாள் ஒன்றுமே நடக்காதது போல் சாம்பாரில் உப்பு இருக்கா என்று கேட்டான், அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அப்புறம் மறுபடி, மறுபடி. விருந்தாள் யாராவது வந்தால் மட்டும் பேசுவான், அம்சா, தம்பிக்கு டீ போடு, அம்சா, அந்த போட்டோவை எடுத்துட்டு வா. அந்த அம்சாவுக்காக அடுப்படிக்கு ஓடுவாள். விருந்தாள் செருப்பு மாட்டிக்கொண்டு போனதும் வீடு மறுபடி அடைத்துக்கொள்ளும். தெருவில் யாராவது போனால் வாங்களேன், உள்ள வாங்களேன் என்று கூப்பிட ஆரம்பித்தாள், பால்காரரைக்கூட. அக்கம்பக்கத்தில் அவளுக்கு நல்ல பெயர், வந்தவர்களை உபசரிக்கிறவள் என்று. அவன் பேசாததை அம்மாவிடம் சொன்னபோது, அவன் பேசலன்னா இன்னா, நீ பேசேன் என்றாள். வக்கீலிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கருத்து வேறுபாடு என்று எழுதிக்கொண்டார். இருந்தால்தானே வேறுபட, அவன் கருத்து என்னவென்று யாருக்குத் தெரியும்.

சரி, இப்போது என்ன சொல்வது? நல்லவரும்மா, கட்டிக்கோ என்று சொல்லலாம், மாமா கேட்டவர்கள் எல்லாரும் சொன்னதுதான், ஒன்றும் பொய்யில்லை. வேண்டாம் என்று சொல்லலாம், அந்தப் பெண் வெள்ளிக்கிழமையைத் தள்ளிவிடுவாள், நான் தூங்குவேன். ஆனால் ஒருவேளை இவளோடு அவன் பேசினால்? இங்கேயே பாரேன், ஒரே மாடல், ஒருத்தன் கையில் படுத்துவிட்டது இன்னொருத்தன் கையில் ஓடுகிறது, அதையும் எழுதியிருக்கிறார்கள். சின்னப் பெண், வேறு மாதிரி சிரிப்பாளாக இருக்கும், அவனும் சாயங்காலம் வந்து இன்னிக்குக் கடையில் என்ன நடந்தது தெரியுமா என்று ஆரம்பிப்பானாக இருக்கும்... அப்படி நடந்துவிட்டால் கோளாறு என்னிடம் என்று ஆகிவிடுமே. அதுதானா? அதற்காகத்தான் வேண்டாம் என்று சொல்ல வாய் வருகிறதா? லேப்டாப்பில் பறவைகள் போய்க் கடல் வந்துவிட்டது. இவ்வளவு அசிங்கமாக நான் யோசிப்பேன் என்று இவ்வளவு நாள் எனக்கே தெரியாது.

போனை எடுத்து மறுபடி கருத்துகளுக்குப் போனாள், கையாவது எதையாவது தள்ளிக்கொண்டிருக்கட்டும் என்று. மூணு நட்சத்திரம் போட்ட ஒருத்தர், பெயர்கூட இல்லை, நீளமாக எழுதியிருந்தார். பேட்டரி ரெண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது, நிற்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள், ஒயர் மாட்டியே வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் சூடாகும், மடியில் வைக்காதீர்கள். கீபோர்டு அருமை. பயணம் போகிறவருக்கு இது சரிப்படாது, ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குச் சரிப்படும், எனக்குப் பயணம், அதனால் மூணு. அவ்வளவுதான். கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை, வாங்கு என்றும் வாங்காதே என்றும் சொல்லவில்லை. நான் எங்கே போகிறேன், அறையில் ஒரு மூலை, ஒரு பிளக் பாயின்ட், போதும். இடது பக்கம் தொட்டுப் பார்த்தாள், சூடாகத்தான் இருந்தது. மரிய அருளிடம் பேட்டரி ரெண்டு மணி நேரம்தானே நிற்கும் என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, மூணுன்னு சொல்லுவன், ரெண்டுதான் வரும் என்றார். பில் போடச் சொன்னாள். அவர் ஆச்சரியப்பட்டு மவுஸ் ஒன்று சும்மா தருகிறேன் என்றார்.

அவர் ஒயரைச் சுற்றிப் பையில் வைக்கும் நேரத்தில் மாடிப்படிக்கு வந்தாள். கீழே ரோடு கொஞ்சம் விட்டிருந்தது, ஒரு பசு மட்டும் ஏற மாட்டேன் என்று லாரிப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தது. முதல் மணியிலேயே அபிதா எடுத்துவிட்டாள், போனைக் கையிலேயே வைத்திருந்தாள் போலும். வேணும், வேணாம் ரெண்டும் நான் சொல்ல மாட்டன், எனக்கு எப்படி இருந்தது என்று மட்டும் சொல்றன், அப்புறம் உன் இஷ்டம் என்று ஆரம்பித்தாள் அம்சவள்ளி. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், தொழில் சுத்தம், செலவுக்குக் கேட்காமலே கொடுப்பார். சொல்லச் சொல்லத் தன் காதுக்கே சம்மந்தம் மாமா பேசுவது போலிருந்தது. பிறகு ஒரு மூச்சு இழுத்துவிட்டு, “ஆனா பேச மாட்டாரும்மா. நாள்கணக்கா, வாரக்கணக்கா. எதுக்குன்னு நமக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டாரு” என்றாள். விருந்தாள் வந்தால் மட்டும் பேசுவதை, பால்காரரை உள்ளே கூப்பிட்டதைக்கூட, சொன்னாள். இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். அவ்வளவுதானா என்று கேட்பாள், எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள், அம்மா கேட்டாள், மாமா கேட்டார், ஒரு வருஷமாக அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள்.

அபிதா அதைக் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் வீட்டுக்குள் ஓர் ஆள் யாரையோ கத்திக்கொண்டிருப்பது போனில் கேட்டது. அபிதாவின் குரல் இன்னும் தாழ்ந்திருந்தது.

“பேசவே மாட்டாருன்னா... அப்ப கத்தவும் மாட்டாரு, இல்லக்கா?”