வாயைப் பொத்திய கை

பம்பரம் என்று அவருக்குப் பெயர் வைத்தது மச்சினன்தான். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைப் பிரித்துச் சரி செய்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைத்தார். "அக்காவுக்கு மாப்பிள்ளையா பாத்தீங்க? இது பம்பரம். நின்னா விழுந்துடும்" என்றான் மச்சினன். அவர் மெக்கானிக்காக இருந்த லிஃப்ட் கம்பெனி வரைக்கும் அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டது.

அப்படிப்பட்டவரை ஒரு இடத்தில் உட்கார வைத்தது மனைவி. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவள். தினமும் விடியற்காலையில் அரை மணி நேரம் கண்மூடி உட்காருவாள். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொண்டு, சும்மா. எழுந்திருக்கும் முன் ஒரே ஒரு வரி சொல்வாள்: "இன்னைக்கு என் கையால யாருக்கும் கெடுதல் வராம இருக்கட்டும்."

முதலில் அவர் கேலி செய்தார். பிறகு அவளுக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். முதல் மாதம் கால் மரத்துப்போனதுதான் மிச்சம். ஆனால் விடவில்லை. ஒன்பது வருடம் உட்கார்ந்தார்.

அதில் ஐந்தாவது வருடம், படுக்கையில் விழுந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனார். ஒரு பாகம் வந்து சேரக் காத்திருந்தபோது, வார்டில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். முன்பெல்லாம் என்றால் அது அவர் காதிலேயே விழுந்திருக்காது. அன்றைக்கு விழுந்தது. எழுந்து போய்க் கொடுத்தார். அடுத்த நாளும் போனார். ஒரு வருடத்தில், வேலை முடிந்ததும் நேராக அங்கே போய்ப் பதினெட்டுப் பேருக்குச் சாயங்காலச் சாப்பாடு ஊட்டுகிறவர் ஆகிவிட்டார்.

சாயங்காலம் போதாமல் விடியற்காலையிலும் போக ஆரம்பித்தார். முகம் துடைத்துவிட, படுக்கை மாற்ற. உட்காருவது நின்றுபோனது.

"ஏங்க, இன்னைக்கும் உக்காரலையா?" என்று மனைவி ஒரு நாள் கேட்டாள்.

"அங்க பதினெட்டுப் பேர் காத்திருக்காங்க. நான் இங்க கண்ண மூடிக்கிட்டு என்ன பண்றது? எனக்கு இனிமே சேவையே தியானம்."

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. அந்த வாக்கியம் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. இல்லத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறி அதையே சொன்னார். கைதட்டல் நிற்க நேரமானது. அவருடைய படம் வாசல் அறிவிப்புப் பலகையில் ஏறியது. போகும்போதும் வரும்போதும் அவர் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்வார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் கம்பெனியில் சூப்பர்வைசரோடு வாக்குவாதம். இல்லத்துக்கு வந்தால் பகல் நேர உதவியாளர் ஒருவர் லீவு. "பக்கத்து வார்டுலேர்ந்து ஆள் அனுப்பட்டுமா?" என்று நிர்வாகி அம்மா கேட்டார்.

"எதுக்கு மேடம்? நான் பாத்துக்கறேன்."

பன்னிரண்டாவது படுக்கையில் கணக்கு வாத்தியார். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கை மட்டும் மெதுவாக அசையும். மசித்த சாப்பாட்டை ஒரு ஸ்பூன் கொடுத்தால், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே பம்பரம்தான்.

நான்கு ஸ்பூனுக்கு அப்புறம் வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். இன்னும் ஆறு பேர் பாக்கி. "வாத்தியாரே, திறங்க" என்றார். திறக்கவில்லை. மறுபடியும் சொன்னார். வாத்தியார் முகத்தைத் திருப்பினார்.

என்ன நடந்தது என்பதைப் பின்னால் பம்பரம் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அது ஒரே மாதிரிதான் நடந்தது. இடது கையால் வாத்தியாரின் கன்னங்களை அழுத்திப் பிடித்தார். வலது கையால் ஸ்பூனைப் பல்லுக்கு நடுவே திணித்தார். "வாயைத் திறய்யா! உனக்காகத்தானே நாயா அலையறேன்!"

ஸ்பூனின் விளிம்பு உதட்டைக் கிழித்தது. சாப்பாடு தப்பான வழியில் போய் வாத்தியாருக்குப் புரையேறியது. முகம் நீலம் பாரித்தது. பம்பரம் அவரைத் தூக்கி முன்னால் சாய்த்து முதுகில் தட்டினார். நல்லவேளை, மூச்சு திரும்பியது.

அப்போது அவர் முதலில் பார்த்தது வாத்தியாரின் முகத்தை அல்ல, வாசலை. யாரும் இல்லை.

ரத்தத்தைத் துடைத்தார். சட்டையை மாற்றினார். கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார். நோட்டில் "ஐந்தரை மணி, நன்றாகச் சாப்பிட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீதி ஆறு பேருக்கும் ஊட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் நிர்வாகி அம்மா அவரை அறைக்குள் கூப்பிட்டார். "நேத்து ஏழு மணிக்கு வாத்தியாரோட பொண்ணு வந்து பாத்திருக்காங்க. உதடு கிழிஞ்சு, கன்னம் கன்னிப்போய்க் கிடக்கு. ஆறு மணிக்கு மேல டியூட்டி மாடி அக்காவுக்கு. 'நான் வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு'ன்னு அடிச்சுச் சொல்றாங்க. ஆனா நோட்டுல நீங்க எழுதியிருக்கீங்களே."

மாடி அக்கா என்பது வாத்தியார் இருந்த மேல்மாடி வார்டின் உதவியாளர். பதினைந்து வருடமாக அங்கே வேலை. குரல் கீழ்த்தளம் வரைக்கும் கேட்கும்.

"அவங்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்னு தெரியும். கையும் நீட்டுவாங்கன்னு நினைக்கல. விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்லா விசாரிச்சுப் பாருங்க மேடம்" என்றார். அவ்வளவுதான் வந்தது.

அன்றும் மறுநாளும் அவர் வழக்கம்போல் ஊட்டினார். பன்னிரண்டாவது படுக்கைக்கு மட்டும் நர்ஸைப் போகச் சொன்னார். வேணும்னேவா செய்தேன், கை தவறியது என்று சொல்லிக்கொண்டார். நான் உண்மையைச் சொல்லி என்னை வெளியே அனுப்பிவிட்டால் பதினெட்டுப் பேருக்கு யார் ஊட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்விதான் அவருக்கு நல்ல போர்வையாக இருந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. வேலையில் இருபத்தாறு வருடம் ஒருவருக்கும் அவரால் ஒரு கீறல் விழுந்தது கிடையாது.

வெள்ளிக்கிழமை நர்ஸ் வேறு வேலையில் இருந்தார். கிண்ணத்தோடு அவரே பன்னிரண்டாவது படுக்கைக்குப் போக வேண்டியதாயிற்று. வாத்தியாரின் மகள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் அவரைப் பார்த்தார். இடது கை போர்வைக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தது. நடுங்கிக்கொண்டே மார்பு வரைக்கும் ஏறி, கழுத்து வரைக்கும் ஏறி, வாயைப் பொத்திக்கொண்டது.

"பாத்தீங்களா அண்ணா?" என்றாள் மகள். கண் கலங்கியிருந்தது. "ஸ்பூனப் பாத்தாலே இப்படித்தான் பண்றார். அந்தம்மா என்ன பாடு படுத்தினாங்களோ. நீங்களே ஊட்டுங்க அண்ணா. உங்ககிட்டன்னா சாப்பிடுவார்."

"கை கழுவிட்டு வரேன்மா" என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் படியிறங்கிய பம்பரம், வீடு வரைக்கும் நடந்தே போனார்.

மறுநாள் விடியற்காலை மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் மட்டும் விட்டாள்.

மூச்சைப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினால், அந்தக் கை வந்தது. போர்வையிலிருந்து வெளியே வந்து, ஏறி, பொத்தியது. எழுந்து ஓடத்தான் உடம்பு துடித்தது. இரண்டு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது. ஊட்டினது, துடைத்தது, மேடையேறினது எல்லாமே ஓட்டம்தான். தன்னை ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்காத ஆள், கையில் ஸ்பூனோடு அடுத்தவர் வாய்க்குள் போயிருக்கிறான்.

அரை மணி முடிந்தது. மனைவி தன் ஒரு வரியைச் சொன்னாள். அவர் சேர்ந்து சொல்ல வாயெடுத்தார். "என் கையால" என்பதோடு நிறுத்திவிட்டார்.

"என்னங்க?" என்று அவர் முழங்காலில் கை வைத்தாள்.

சொன்னார். ஸ்பூன், கன்னம், நோட்டு, மாடி அக்கா எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் எங்கோ அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள். அவர் அதைக் கவனித்தார்.

பிறகு, "என்கிட்ட சொல்லிட்டா பாரம் இறங்கிடும்னு நினைக்காதீங்க. அந்தம்மா வீட்டுல நாலு நாளா என்ன நடக்குதோ. போய்ச் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க" என்றாள்.

"நீயும் கூட வர்றியா?"

"வர மாட்டேன்."

நிர்வாகி அம்மாவின் அறையில், வாத்தியாரின் மகளையும் வரச்சொல்லிவிட்டு, நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. நிர்வாகி அம்மா ஒரு வெள்ளைத் தாளை அவர் முன் தள்ளினார். "எழுதிக் கொடுங்க" என்றார். குரலில் முன்பிருந்த மரியாதை இல்லை.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களப் போய் அண்ணான்னு கூப்பிட்டேனே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மாடி அக்கா வீட்டுக்கு நிர்வாகி அம்மாவும் அவரும் போனார்கள். அக்கா துணி பிழிந்துகொண்டிருந்தார். கேட்டு முடிக்கும் வரைக்கும் கையிலிருந்த துணியை விடவில்லை.

"நாலு நாளா என் புருஷனே, 'நிஜமாவே நீ செய்யலையா'ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டார். என் பொண்ணு கேக்கல, ஆனா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறா. அதுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்றார். அந்தக் குரல் அன்று சத்தமாகவே இல்லை.

"மன்னிச்சுடுங்க அக்கா."

"மன்னிப்பா? அது இப்ப என்கிட்ட இல்ல. இருந்தா தர மாட்டேனா?"

மாடி அக்கா மறுநாளே வேலைக்குத் திரும்பினார். அறிவிப்புப் பலகையிலிருந்து படம் போயிற்று. விசாரணை முடிந்தபோது, பம்பரம் இனி வார்டுக்குள் போகக்கூடாது, வேண்டுமென்றால் கீழ்த்தளத்துச் சலவை அறையில் உதவலாம் என்று சொன்னார்கள். வேண்டும் என்றார். வாத்தியாரிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்க அனுமதி கேட்டார். "அப்பா உங்களப் பாத்தா பயப்படுவார், வேண்டாம்" என்று மகள் சொல்லியனுப்பினாள். மூன்றாவது மாதம் அப்பாவைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சலவை அறையில் ஜன்னல் கிடையாது. ஈரமும் சோப்பு வாசனையுமாக, ஒரு நாளைக்கு அறுபது விரிப்பு. யாரும் வருவதில்லை, யாரும் பார்ப்பதில்லை.

விடியற்காலையில் உட்காருவதை மட்டும் அவர் ஒரு நாளும் விடவில்லை. நிம்மதி வருமென்று உட்காரவில்லை. வெட்கம்தான் வந்தது, தினமும், வேலைக்கு வரும் ஆள் மாதிரி சரியான நேரத்துக்கு. வந்தால் அதை உட்கார வைத்துப் பார்ப்பார். கோபம் வயிற்றிலிருந்து மார்புக்கு ஏறும் வழி, பெயர் எடுக்கும் ஆசை அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் விதம், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புலப்பட்டன. இதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது. மனைவி முன்போல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கை அவர் முழங்காலுக்குத் திரும்பி வர ஐந்து மாதமானது.

பத்தாவது மாதம் ஒரு நாள் மாடி அக்கா சலவை அறைக்கு இறங்கி வந்தார். அதுவரைக்கும் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"மேல ரெண்டு பேர் வரல. மேடத்துகிட்ட கேட்டுட்டேன். ஒருத்தருக்கு ஊட்டணும், வாங்க."

அவர் கையிலிருந்த விரிப்பைக் கீழே வைக்கவில்லை. "வேண்டாம் அக்கா. என் மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

"எனக்கு மட்டும் இருக்கா? அதான் பக்கத்துலயே நிக்கப் போறேன். வாங்க."

புதிதாக வந்திருந்த அம்மா ஒருவர். தையற்காரியாக இருந்தவர், கண் பார்வை போய்விட்டது. பம்பரம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மாடி அக்கா கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாவது ஸ்பூனில் அந்த அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டார். பம்பரத்துக்கு வயிற்றில் சூடு கிளம்பியது. பத்து மாதம் கழித்தும் அது அங்கேயேதான் இருந்தது. அது மார்புக்கு ஏறுவதைப் பார்த்தார். ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, மூச்சைப் பார்த்தார். மாடி அக்கா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடு இறங்க நேரமானது. இறங்கியது.

"யாரு, எழுந்து போயிட்டீங்களா?" என்று அந்த அம்மா காற்றில் கேட்டார்.

"இல்லம்மா. இங்கதான் இருக்கேன்."

"ஒரே சூடா இருந்துச்சு. அதான் வாய மூடிக்கிட்டேன்."

"சரிம்மா. ஆறட்டும்."

சாப்பிட்டு முடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. முகவாயைத் துடைத்துவிட்டபோது அந்த அம்மா தடவிப் பார்த்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நல்ல பொறுமையான கைப்பா உனக்கு. பெத்தவங்க கொடுத்து வச்சவங்க" என்றார்.

அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அந்தக் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை. மாடி அக்கா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். சொல்வதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

மாடி அக்கா காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். "நாளைக்கும் வாங்க" என்றார். "இவங்க ஒருத்தருக்கு மட்டும்."