வெள்ளைத் துணியில் பச்சைத் திட்டு

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எழுத ஒன்றும் வராமல் மேசைமேல் கிடந்த சிவப்பு அட்டை நோட்டை முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வெள்ளைத் தாளைப் பார்த்தால், அதில் பச்சையாய் ஒரு நோட்டு! எல்லார் கண்ணும் செய்கிற சேட்டைதான். ஆனால் 'இல்லாததைப் பார்க்காதே' என்று வருஷக்கணக்காய்த் திட்டு வாங்கிய ஒருவருக்கு இது நேர்ந்தால்?

2

துயரம் கவிந்த விழிகளோடு அந்தத் தையல்காரர்...

(வேண்டாம். அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. விசிலடித்துக்கொண்டே பொத்தானுக்குக் காஜா எடுப்பவர்.)

தையல்காரருக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையில் குரல்கள் அடங்கி நாலு வருஷமாகிறது. போன மாதம் நாள் முழுக்கச் சிவப்புச் சீருடை தைத்துவிட்டு வெள்ளைத் துணியை விரித்தார். அதில் பச்சைத் திட்டுகள். நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தார். சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார்கள், கை நடுங்கும், ஊசியில் நூல் கோக்க முடியாது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சிவப்புத் துணியோடு வந்தவர்களை மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பினார்.

3

இந்த நோய் உள்ளவர்களுக்கு நிறங்கள் எப்படித் தெரிகின்றன என்று ஆராயும் இடத்துக்கு அவருடைய அக்கா, திட்டு விஷயம் எதுவும் தெரியாமலே, அவரை இழுத்துப்போனாள். ஆய்வுக்காரப் பெண் திரையில் சிவப்புச் சதுரம் ஒன்றைக் காட்டினாள். பின்னால் உட்கார்ந்து அக்காவும் கண்கொட்டாமல் பார்த்தாள். சதுரம் மறைந்தது.

"இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல, மேடம்." (பொய். பச்சை பளிச்சென்று நின்றது.)

"நல்லாப் பாருங்க."

"சத்தியமா ஒண்ணுமில்ல."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "என்னடா ஒண்ணுமில்ல? எனக்கே பச்சையாத் தெரியுதே!"*

தையல்காரர் திரும்பினார். "உனக்குமா?"

"எனக்கும்தான்" என்றாள் ஆய்வுக்காரப் பெண். "யார் பாத்தாலும் தெரியும், சார்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ மூணு பேரும் சேர்ந்து இல்லாததைப் பாத்துட்டு உக்காந்திருக்கோம்!"

அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறியது. அவள் தலையைத் தட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "மேடம், இன்னொரு தரம் போடுங்களேன்!"

* அக்கா குறுக்கே பேசியதால் அந்தச் சோதனை ஆய்வுக்கு உதவவில்லை. எனக்கு உதவியது.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அக்காவுக்குச் சிவப்பில் சட்டை தைக்கிறார். இன்னொன்றில், ஒளித்ததையெல்லாம் டாக்டரிடம் கொட்டுகிறார், டாக்டர் தன் சிவப்பு ஃபைலை முறைத்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்து, "அட, ஆமா!" என்கிறார். இரண்டுமே எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் இரண்டையும் எழுதப்போவதில்லை.

கீழே வெள்ளையாய் இடம் விட்டிருக்கிறேன். சிவப்பாய் எதையாவது அரை நிமிஷம் முறைத்துவிட்டு அங்கே பாருங்கள். தெரிவதை மறைக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவரும் பார்த்துவிட்டு 'எனக்கும்தான்' என்றால், முடிவு அதுதான்.