அபின் தீர்ந்த வாரம்

மலாயாவில், கரங்கானுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில், வெள்ளைக்கார டாக்டர் ஓடிப்போன பிறகு அவருக்கு உதவியாக இருந்த டிரசர் கதிரவேலுதான் எல்லாம். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து மருந்து வரத்து நின்றுவிட்டது. அலமாரியில் அபின் மருந்து ஒரு புட்டியின் அடியில் மட்டும் மிச்சமிருந்தது.

அது தோட்டத் தொழிலாளி பாப்பம்மாவுக்கானது. ரப்பர்ப் பால் வாளியோடு சரிவில் விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து அதைக் குடித்துத்தான் அவள் நடமாடினாள். இப்போது வலி குறைந்த நாளில்கூட அது இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

அன்று, ஜப்பான்காரன் பிடித்துப்போன சயாம் ரயில் பாதை வேலையிலிருந்து திரும்பிய பக்கிரிசாமியைத் தூக்கி வந்தார்கள். காலில் எலும்பு தெரியும்படி புண் அழுகியிருந்தது.

"அழுகின சதையை வெட்டோணும், பாப்பம்மா. மருந்தை அவனுக்குத்தான் குடுக்கப்போறன்," என்றார் கதிரவேலு.

"அப்ப என்னைக் கொன்னுடுங்க ஐயா!"

அவள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவர் கத்தியைக் கொதிநீரில் போட்டார்.

பக்கிரிசாமி பிழைத்தான். பாப்பம்மா அபின் இல்லாமல் அடுத்த கட்டிலில் வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்தாள். கொடுக்க எதுவும் இல்லாததால் கதிரவேலு இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்தார், வாந்தியைத் துடைத்தார், ஏச்சையும் வாங்கிக்கொண்டார். அரைப் பட்டினியில் அவருக்கே நிற்கத் தெம்பில்லை.

வாரக் கடைசியில் ஒரு காலை, அவள் தானாக எழுந்து உட்கார்ந்தாள்.

"வலி அப்படியேதான் இருக்கு ஐயா. ஆனா பசிக்குது."

தமக்கென்று வைத்திருந்த அவித்த மரவள்ளிக்கிழங்கை அவர் அவளிடம் கொடுத்தார். அவள் தின்றுகொண்டிருக்கையில் சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.