கால் சுற்று

சென்னிமலை இறந்து மூன்று மாதமாகியும் அவர் பிரித்துப் போட்ட துப்பாக்கி பிரித்தபடியே இருந்தது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பழைய வேட்டியில் வரிசையாகப் பரப்பிவிட்டு, மோட்டாரை நிறுத்தப் போனவர் கிணற்றடியிலேயே சாய்ந்துவிட்டார். அந்த வேட்டியை நான்கு முனையும் சேர்த்து முடிந்து பீரோவில் வைத்தவள் அவர் மனைவி வள்ளியாத்தாள்.

லைசென்ஸ் வைத்திருந்த ஆள் போய்விட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நாளை கடைசி நாள். "பூட்ட வரலீன்னா சாக்குல போட்டுக் கொண்டாங்கம்மா. உடைஞ்சதுன்னு எழுதிக்கறோம்," என்றார் ஏட்டு, போனில்.

அந்தச் சொல்தான் வள்ளியாத்தாளுக்குத் தைத்தது. கொல்லிமலையிலிருந்து இறங்கும் பன்றிகளை விரட்டக் கணவரின் தாத்தா வாங்கிய துப்பாக்கி. வருஷம் தவறாமல் துடைத்த மனுஷன் பேரில் 'உடைந்தது' என்று ஒரு வரியா?

முடிச்சை அவிழ்த்தாள். மருமகள் தமிழினி எதிரே உட்கார்ந்தாள்.

"யூடியூப்ல பாக்கட்டுங்களா அத்தை?"

"அவனுக்கு நம்மூட்டுத் துப்பாக்கியத் தெரியுமாக்கும்? பேசாம புடி கண்ணு."

சொன்னாளே தவிர, அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். போல்ட்டுக்குள் ஓடும் நீள ஊசியில் ஸ்பிரிங்கைக் கோத்து, முனையைப் பலகையில் ஊன்றி அவர் அமுக்குவார். அடங்கியதும் "ம்" என்பார். படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இவள் ஊசியின் வாலில் கொண்டை என்கிற இரும்புக் குமிழை மாட்டிக் கால் சுற்று திருப்புவாள். "இதுக்குத்தான் உன்னையக் கட்டுனது," என்பார். "அப்ப சோறாக்க வேறொருத்தியப் பாருங்க," என்பாள் இவள்.

இன்று அமுக்குகிற பக்கம் அவளே உட்கார்ந்தாள்.

முதல் தடவை ஸ்பிரிங் எகிறிக் கட்டிலுக்கடியில் ஓடியது. தமிழினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாவது தடவை பாதிதான் இறங்கியது. உள்ளங்கை கன்றிச் சிவந்தது. இவ்வளவு பலமா வேண்டியிருந்தது இதற்கு? நாற்பது வருஷத்தில் ஒரு நாளாவது முகத்தில் காட்டியிருக்கிறாரா?

மூன்றாவது தடவை முட்டி போட்டு எழும்பி, உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கினாள்.

"திருப்பு சாமி!"

தமிழினி திருப்பினாள். கொண்டை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் கையை எடுக்கப் பயந்து அப்படியே இருந்தார்கள். பிறகுதான் வள்ளியாத்தாளுக்கு அழுகை வந்தது. மருமகள் எண்ணெய்த் துணியை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் ஸ்டேஷனில், துப்பாக்கியைப் பார்க்காமலே ஏட்டு எழுத ஆரம்பித்தார். தலைகீழாகவே அதைப் படித்துவிட்ட வள்ளியாத்தாள், "இழுத்துப் பாத்துட்டு எழுதுங்க," என்றாள்.

ஏட்டு போல்ட்டை இழுத்தார். எண்ணெயில் வழுக்கி வந்தது. தள்ளியதும் சத்தமில்லாமல் பூட்டிக்கொண்டது. எழுதியதை அடித்துவிட்டு, 'நல்ல நிலையில்' என்று எழுதினார். அப்புறமும் மனசு கேட்காமல் மறுபடி இழுத்தார், தள்ளினார், மூன்றாவது தடவையும் கை வைத்தார்.

"போதுமுங்க," என்றாள் வள்ளியாத்தாள். "எங்க கையெழுத்துப் போடோணும்?"